தலை வலித்தால் தோளைக் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். படிக்கிற பிள்ளை “தலை வலிக்கிறது” என்றால், படிக்கச் சோம்பலோ என்றுதான் வீட்டில் பலருக்கும் தோன்றுகிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கும் அதிகமாக இப்படி வலித்தால் அது நாள்பட்ட தலைவலி. அந்த வலியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. முதலில் அவர்கள் சொல்வதை நம்புங்கள்.

என்னிடம் யோகா கற்க வந்த ஒரு மாணவி, சிரசாசனம் செய்தால் தலைவலி போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்திருந்தாள். வேண்டாம் என்றேன். தலைகீழ் ஆசனம், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, மூச்சை அடக்குவது எதுவும் தலைவலிக்காரர்களுக்கு வேண்டாம். சும்மா உட்காரச் சொன்னேன். தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியிருந்தன, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை. தோளை இன்னும் மேலே தூக்கி, மூச்சை விட்டுக்கொண்டே மெல்ல இறக்கச் சொன்னேன். “என் தோள் இவ்வளவு கீழேயா இருக்கும்?” என்று கேட்டாள்.

தலைவலிக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? மேல்கழுத்து நரம்புகளும், நெற்றியின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்தில் இருக்கும் இறுக்கம் நெற்றியில் வலியாகத் தெரியலாம்.

அப்புறம், மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். இதயத் துடிப்பு சற்றுத் தணியும். மறுபடியும் சொல்கிறேன், விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும். இதை வலி இல்லாத நாளிலும் செய்ய வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது ஆசனம் எதுவும் வேண்டாம், வெளிச்சமில்லாத அறையில் படுத்துக்கொள்ளுங்கள்.

புது தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 2020இல் ‘நியூராலஜி’ என்ற மருத்துவ இதழில் வந்தது. மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மருந்தோடு யோகாவும் செய்தவர்களுக்கு வலி வருவது நன்றாகவே குறைந்தது. அவர்கள் 18 வயது தாண்டியவர்கள், அடிக்கடி வந்தாலும் நாள்பட்ட நிலைக்குப் போகாதவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அங்கேயும் யோகாவை மருந்துக்குப் பதிலாகத் தரவில்லை, மருந்தோடு சேர்த்துத்தான் தந்தார்கள்.

தூக்கத்தைப் பற்றியும் பேச நினைத்தேன், நேரம் போதவில்லை. இரண்டு விஷயம் மட்டும். வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, காலையில் வாந்தி, பார்வை மங்கல், கைகால் பலவீனம் என்று ஏதாவது வந்தால் யோகா செய்யப் பாயை விரிக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.