வால்வுக்குள் நடப்பது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கமுங்க.

கோபி, சத்தியமங்கலம் பக்கம் பழைய மைக் செட்டுக்காரர் வீடுகளில் வால்வு ஆம்ப்ளிஃபையர், அதாவது கண்ணாடிக் குடுவை வால்வுகள் வைத்து ஸ்பீக்கரைப் பாட வைக்கும் பெட்டி, பரண்மேல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால் அதற்குள் நடப்பதைக் கொஞ்சம் கேளுங்கள்.

மைக்கில் வரும் சத்தத்தையே வால்வு ஊதிப் பெரிதாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. கீழ்பவானி வாய்க்கால் மதகில் ஷட்டரைத் திருப்புகிறவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை. தண்ணீர் அணையிலிருந்து வருகிறது. எவ்வளவு விடலாம் என்பது மட்டும்தான் அவர் கையில். மைக் செய்வதும் அவ்வளவுதான். ஸ்பீக்கரை அதிர வைக்கும் சக்தி முழுக்கக் கரண்டிலிருந்து வருவது.

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்கு நடுவில் சின்ன நிக்கல் குழாய் ஒன்று நிற்கும். அதுதான் கேத்தோடு. மேலே பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு பூச்சு. உள்ளே ஹீட்டர் கம்பி காய்ந்ததும் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். சுற்றி நிற்கும் ஆனோடுத் தகட்டுக்கு 250 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்தால், வெற்றிடத்தைத் தாண்டி அங்கே பாயும். 1904-இல் இங்கிலாந்து விஞ்ஞானி ஃபிளெமிங் செய்த வால்வு இந்த இரண்டோடு நின்றது. கரண்டை ஒரு பக்கமாக விடும், அவ்வளவே. 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பியை நுழைத்தார். அதுதான் கிரிட். அதற்கு லேசான எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்களை மறிக்கும். மைக்கின் சிக்னலும் அந்தக் கிரிட்டுக்குத்தான் போகும். பாட்டுக்கு ஏற்ப அந்த மறிப்பு கூடிக் குறைய, ஆனோடுக் கரண்டும் அப்படியே ஏறி இறங்கும். எதிராக இருக்கும்வரை கிரிட் கரண்டு எதையும் இழுப்பதில்லை. அதனால்தான் பலமில்லாத மைக்குகூட அதை ஆட்டிவிடுகிறது.

முதலில் வரும் ஈசிசி83 என்ற சின்ன வால்வின் ஒரே குடுவைக்குள் இரண்டு வால்வு உண்டு. அதில் ஒரு பாதியே சிக்னலை ஏறத்தாழ 60 மடங்கு உயர்த்திவிடும். அப்புறம் ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 என்ற வால்வு வரும். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் 48 மில்லி ஆம்பியர் அதில் போய்க்கொண்டே இருக்கும். 250 வோல்ட்டில் அது 12 வாட். ஸ்பீக்கருக்குக் கிடைப்பதோ ஐந்து வாட் சொச்சம். ஹீட்டரும் தனியாகக் கரண்டு தின்னும். கை வைக்க முடியாமல் சுடுவது அதனால்தான்.

ஹீட்டருக்கு வேண்டியது 6.3 வோல்ட். சாயங்காலம் தோட்டத்து மோட்டார்கள் ஓடி, வீட்டில் 230 வோல்ட் 180-க்கு இறங்கினால் ஹீட்டருக்கு ஐந்துகூட வராது. கேத்தோடு சூடு குறையும், ஆனோடு வோல்டேஜும் இறங்கும், பாட்டு சோர்ந்துபோகும். கோயில் நோன்பி நேரத்தில் மைக் செட்டுக்காரர் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே நின்றது சும்மா இல்லைங்க.

இஎல்84 எதிர்பார்க்கும் சுமை, அதாவது எதிரே இருக்க வேண்டிய மின்தடை, 5200 ஓம். ஸ்பீக்கரோ நாலு ஓம். இரண்டையும் இணைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு பக்கம் 36 சுற்று என்றால் மறுபக்கம் ஒன்று, அந்தக் கணக்கில் சுற்றியிருப்பார்கள். பெட்டியில் கனமான பொருட்களில் அதுவும் ஒன்று. நல்ல ஆம்ப்ளிஃபையரா என்பதை வால்வைவிட அதை வைத்துத்தான் நான் சொல்வேன்.

வால்வு சத்தம்தான் உசத்தி என்று நான் சண்டைக்கு வரவில்லை. அதுவும் சத்தத்தைச் சற்று மாற்றத்தான் செய்கிறது. ஒற்றை வால்வு சேர்ப்பதில் மேல் ஸ்தாயியின் அதே சுரமும் உண்டு. நாதஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு அது உறுத்தாது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பரணிலிருந்து இறக்கினால், ஸ்பீக்கரை மாட்டாமல் சுவிட்ச் போடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கரண்டைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரில் வோல்டேஜ் நிற்கும், ஆளையே அடிக்கும். விவரம் தெரிந்தவரை வைத்துத்தான் திறக்க வேண்டும். குடுவையின் உட்புறம் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளி நிறப் பூச்சைப் பாருங்கள். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு இனி ஆகாது. மின்னிக்கொண்டிருந்தால் சோதித்துப் பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.