பிழைக்கத் தெரியாதவரா எங்கள் தாத்தா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மற்ற வணக்கங்களை எல்லாம் எங்கள் அணித் தலைவர் சொல்லிவிட்டார். எனக்கு இருப்பதே கொஞ்ச நேரம்.

பிறந்த ஊரை விட்டு நகராத விவசாயி வாழ்ந்தாரா, வாழ்க்கையைத் தொலைத்தாரா? வாழ்ந்தார் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தம்பி சற்று முன்பு என்ன சொன்னார்? "பிழைக்கத் தெரிந்தவன் பஸ் ஏறிவிட்டான், தெரியாதவன்தான் வரப்பில் உட்கார்ந்திருக்கிறான்." நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

தம்பி, எங்கள் தாத்தாவும் பஸ் ஏறினார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை; மேட்டூர்த் தண்ணீர் எல்லாருக்கும் போன பிறகு கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூர் அணை திறந்தது 1934இல். தாத்தா பிறந்ததும் அதே வருஷம். அணைக்கு ஏதாவது என்றால் தனக்கே வந்ததுபோல் துடிப்பார். ஒரு வருஷம், பாசனத்துக்கு வழக்கமாகத் தண்ணீர் விடும் ஜூன் 12இல் அணை திறக்கவில்லை, ஆடி பிறந்தும் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து சித்தப்பா அவரைச் சென்னைக்கு, தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை நாலு மணி. தாத்தா கீழே இறங்கி வருகிறார். வாசலில் வாட்ச்மேன்; காக்கிச் சட்டை, கையில் நோட்டு. தாத்தா பார்த்தார், பொதுப்பணித் துறை ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

"தம்பி, தண்ணி எப்போ திறப்பாங்க?"

"ஆறு மணிக்கு ஐயா. ஒரு மணி நேரம்தான்."

"ஒரு மணி நேரமா! எவ்வளவு நிக்குது?"

"பாதிதான் ஐயா."

பாதி! 120 அடி அணையில் பாதி என்றால் 60 அடி. அவர் மேலே ஏறிப்போய் சித்தப்பாவை எழுப்பவில்லை. நேராக ஊருக்குப் போன் போட்டார். "டேய், நாற்றங்காலுக்கு விதை விடாதே! ஒரு மணி நேரம்தான் திறக்கிறாங்களாம். அதிகாரியே சொல்லிட்டாரு!" அப்பா அதை டீக்கடையில் சொல்ல, பொழுது விடிவதற்குள் ஊரே விதைக்கோட்டையைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டது.

இதில் உச்சம் என்ன தெரியுமா? மறுநாளும் தாத்தா நாலு மணிக்குப் போய் வாட்ச்மேனிடம் சண்டை போட்டிருக்கிறார். "கடைமடைக்கு எப்போதான் வரும்?" வாட்ச்மேன் பாவம், மாடியைக் காட்டி, "ஒன்பதாவது மாடிக்கு எப்பவுமே லேட்டுதான் ஐயா" என்றாராம்!

தம்பி, சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் பஸ் ஏறிப் பிழைக்கப் போனவர்கள் குடியிருக்கும் இடமும் கடைமடைதான் என்று அந்த வாட்ச்மேனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நடுவருக்கு வேலை மிச்சம்.

அந்த வார பஸ்ஸிலேயே தாத்தா திரும்பிவிட்டார். அப்புறம் 2018 நவம்பர் 16. கஜா புயல். டெல்டாக்காரர்கள் இந்தச் சபையில் இருந்தால் அந்த ராத்திரியை நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தபோது தோப்பில் அநேகமாக எல்லாத் தென்னையும் படுத்துக் கிடந்தது.

நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஒவ்வொரு மரமாக எழுதிக்கொண்டே வந்தவரைத் தாத்தா ஓரிடத்தில் நிறுத்தினார். "இதை எழுதாதீங்க. இது கூன்வண்டு அடிச்சுப் போன வருஷமே செத்த மரம்."

"ஐயா, விழுந்ததெல்லாம் ஒண்ணுதான். எழுதிக்கிறேன்."

"விழுந்தது புயல்ல. செத்தது அதுக்கு முன்னாடி."

அப்பா பக்கத்தில் நின்று பல்லைக் கடிக்கிறார். தோப்பே போய்விட்டது, ஒரு மரத்துக்கு என்ன வீறாப்பு? தாத்தா அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்க அம்மா வச்ச மரம்டா அது. அது பட்டன்னிக்கே நான் அழுது முடிச்சாச்சு. அதுக்குப் போய் புயல் பேரைச் சொல்லிக் காசு வாங்கச் சொல்றியா?"

எழுத வந்தவர் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

தம்பி, இவரைத்தான் பிழைக்கத் தெரியாதவர் என்றீர்கள். வாதம் எல்லாம் என்னிடம் இன்னும் இருக்கிறது, சொல்ல மனசு வரவில்லை. நடுவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது. அவருக்கு 90 தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். நாளைக்கு நான் ஊருக்குப் போனதும் என்ன தீர்ப்பு என்று கேட்பார். சத்தமாகச் சொல்லும்படியாகச் சொல்லுங்கள்.