வேலிக்குக் காவல் யார்?

அவைத்தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய துணைவேந்தர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நீதியரசர் அவர்களே, குறித்த நேரத்தில் அவையைத் தொடங்கிவைத்த செயலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

உலகின் நிலைத்த வளர்ச்சிக்கு விதி வகுப்பது அரசா, தனியாரா? காடு, கடல், தொழிலாளர் என மூன்றையும் தொட்டுப் பேச வந்திருக்கிறேன்.

1992-இல் பிரேசிலின் ரியோ நகரில், ஐ.நா. நடத்திய புவி உச்சி மாநாட்டில் அரசுகள் கூடின. காடுகளைக் காக்கக் கட்டாய ஒப்பந்தம் பிறக்கவில்லை. யாரையும் கட்டுப்படுத்தாத கொள்கை அறிக்கைதான் பிறந்தது. அடுத்த ஆண்டே சூழல் அமைப்புகளும் மர வணிகர்களும் கூடி காட்டைப் பொறுப்போடு பேணி எடுத்த மரம் இது என்று முத்திரை தரும் எஃப்.எஸ்.சி. என்னும் சான்றிதழ் அமைப்பைத் தொடங்கினார்கள். அரசு விட்ட இடத்தில் தனியார் போட்ட வேலி அது. போட்டது நல்லதுதான். ஆனால், வேலியே பயிரை மேய்ந்தால்? சோதிக்கப்படுகிறவரே சோதிப்பவருக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடு இத்துறை முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

வங்கதேசத்தில், டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா என்றொரு கட்டடம். எட்டு மாடி. 2013 ஏப்ரல் 23 அன்று சுவரிலும் தூணிலும் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கடைகளும் மூடின. மேல்மாடிகளில் ஆடை தைத்த பெண்களுக்கோ மறுநாள் காலை வேலைக்கு வரும்படி உத்தரவு. வாசலில் தயங்கி நின்றார்கள். கூலி போய்விடும் என்ற அச்சம் அவர்களை மேலே ஏற்றியது. மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர்கள் ஓடின, கட்டடம் உட்கார்ந்துவிட்டது. இறந்தவர்கள் 1,134 பேர். ஐயா, அந்தத் தொழிற்கூடங்களுக்குத் தனியார் தணிக்கையாளர்கள் முன்பே வந்து போயிருந்தார்கள்! அறிக்கை இருந்தது, தூணின் பலம் அதில் இல்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

அடுத்த மாதமே ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நடுநிலையில் நின்றது. பொறியாளர்கள் கட்டடங்களைச் சோதித்தார்கள். அறிக்கைகள் எல்லோரும் படிக்கும்படி வெளியாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர் போன பிறகுதான் இது நடந்தது என்பதை நினைத்தால் என்னால் ஆறவே முடியவில்லை.

கடலைப் பற்றிப் பேச நேரமில்லை, பொறுத்தருள வேண்டும். நான் ஊர் ஊராகக் கேட்டுவரும் கோரிக்கையை மட்டும் இந்த அவையிலும் வைக்கிறேன். தணிக்கையாளரை நிறுவனம் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவர் கூலி பொது நிதியிலிருந்து வரவேண்டும். அறிக்கை முழுவதும், அங்கே வேலை செய்பவரின் மொழியிலேயே, வாசலில் ஒட்டப்பட வேண்டும். மனு வெளியே மேசையில் இருக்கிறது. நீதியரசர் அவர்கள் முதல் கையெழுத்திட இசைந்திருக்கிறார்கள். மாணவர்கள் தொடர்ந்து வாருங்கள்.