டேனிஷ்ல 'தாங்குறது' எத்தனை விதம்?

எல்லாருக்கும் வணக்கம். டேனிஷ்ல இருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்க்கும்போது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைக்கிற சொல் ஒண்ணு இருக்கு. டோலெ. அகராதியில டாலரேட்னு போட்டிருக்கும். அதையே எல்லா இடத்துலயும் எழுதினா சரியா வராது.

'யை கேன் இக்கெ டோலெ மெல்க்.' நாம 'எனக்குப் பால் ஒத்துக்காது'ன்னு சொல்றோமே, அச்சு அசல் அதுதான். பிடிக்கலைங்கிற பேச்சே இல்ல, உடம்பு ஏத்துக்கல. இங்கிலீஷ்ல லாக்டோஸ் பிரச்சினைன்னா இன்டாலரன்ட், வேர்க்கடலைன்னா பெரும்பாலும் அலர்ஜிக். எதுன்னு டேனிஷ் சொல்லாது, நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அதே டோலெ பீங்கான் தட்டுக்கும் வரும்: பாத்திரம் கழுவுற மெஷினைத் தாங்கும்னு. இங்கிலீஷ்ல டிஷ்வாஷர் சேஃப். தாங்குறதுங்கிற வினையே காணாமப் போச்சு பாருங்க.

வலி, சத்தம், காத்திருப்புன்னா 'ஹொலெ உத்', கடைசி வரைக்கும் பிடிச்சு நிக்கிறது. ஒருத்தரைக் கண்டாலே ஆகலைன்னா 'ஃபொட்ராவெ', அது எதிர்மறையிலதான் வரும். அநியாயத்தைப் பொறுத்துப் போறது 'ஃபின்னெ சை ஈ'. புட் அப் வித்னு போடலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'லீதெ'. தனியா வந்தா துன்பப்படுறது. 'கேன்' (முடியும்) சேர்ந்தா பிடிக்கும்னு அர்த்தம்! ஒருத்தரைச் சகிச்சுக்க முடியுதுங்கிறதுல ஆரம்பிச்சு, பிடிச்சிருக்குங்கிறதுக்கு நகர்ந்திருக்கு. ஜெர்மன்லயும் இதே கதைதான். பேச்சுல துன்பம் லீதெ, விருப்பம் வெறும் லீ.

இப்ப சொல்லப்போறது மனசைப் பிசையும். டேனிஷ் சட்டத்துல 'டோல்ட் ஒப்ஹோல்'னு, அதாவது 'பொறுத்துக்கிட்ட தங்கல்'னு, அதே டோலெயில இருந்து வந்த ஒரு நிலைமை இருக்கு. சில வெளிநாட்டுக்காரங்களுக்கு, குற்றம் செஞ்சதாலயோ நாட்டோட பாதுகாப்புக்காகவோ, தங்குற அனுமதி கிடையாது. சொந்த நாட்டுக்கு அனுப்பினா சித்திரவதையோ சாவோ காத்திருக்கு, அதனால அனுப்பவும் முடியாது. டென்மார்க்கோட யூலாந்து பகுதியில கேர்ஸ்ஹோவெட்கோர்ங்கிற பழைய சிறை வளாகத்துல இவங்களைத் தங்க வைக்கிறாங்க. இங்கிலீஷ்ல வழக்கமா டாலரேட்டட் ஸ்டே. ஆனா இங்கிலீஷ்ல டாலரன்ஸ்னு கேட்டாலே ஒரு பெருந்தன்மை தெரியுது. இங்க அது துளியும் இல்ல. 'உன்னை அனுப்ப வழியில்ல, அதனால பொறுத்துக்கறோம்'கிறதுதான் விஷயம். நான் டாலரேட்டட்னு எழுதிட்டு, பக்கத்துலயே 'வசிக்க அனுமதி இல்லாமல்'னு ரெண்டு மூணு சொல் சேர்த்துடுவேன்.