நிழல்வலைக்குள் ஆப்பிரிக்கப் பூஞ்செடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர் நாடுகளில் வெப்பத்தைப் பிடித்துவைக்கத்தான் பசுமைக்குடில் கட்டுகிறார்கள். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் வெப்பத்துக்கு என்ன பஞ்சம்? சுற்றிலும் பாலித்தீனால் மூடினால் சித்திரையில் செடி வெந்துவிடும். நமக்கு வேண்டியது உச்சி வெயிலைப் பாதியாக்கும் 50 சதவீத நிழல்வலையும், ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு அதன்மேல் ஒரு பாலித்தீன் தாளும்தான். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிவப்பு முசாண்டா, பூவைத் தாங்கும் வெள்ளைப் புல்லிக்குள் சிவப்புப் பூ நீட்டும் கிளெரோடென்ட்ரம் தாம்சோனியே, ஊதாப் பூ பூக்கும் துன்பெர்ஜியா எரெக்டா மூன்றும் இதற்குள் நன்றாக வரும். பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்தை உள்ளே வைக்காதீர்கள். நிழலில் கொம்பு நீளுமே தவிர பூக்காது. அதற்கு முழு வெயில் வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் நனையாத இடம் போதும்.

இங்கே இந்தச் செடிகள் பெரும்பாலும் வேர் அழுகித்தான் சாகின்றன. காரணம், தொட்டியில் அள்ளிப் போடும் வயல் வண்டல். நனைந்தால் நீர் வடியாது, வேருக்குக் காற்று போகாது. காய்ந்தாலோ தொட்டியை விட்டு விலகி, ஊற்றும் தண்ணீரெல்லாம் ஓரமாகவே ஓடிவிடும். செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, மட்கிய தொழுவுரம் 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். அடினியத்துக்குப் பாதிக்குமேல் பருமணலும் செங்கல் சில்லும் இருக்கட்டும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால், உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசியே சேர்க்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் தண்ணீரை நிறுத்துங்கள். வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவதுதான் செடியை முடித்துவிடுகிறது.

கிளெரோடென்ட்ரம் புதுத் தளிரில்தான் பூக்கும். ஒரு சுற்றுப் பூத்ததும் கவாத்து செய்யுங்கள். அதன் போத்து, அதாவது நறுக்கி நடும் கொம்பு, எளிதில் வேர்பிடிக்கும். முசாண்டா பிடிவாதக்காரி. அரைமுற்றிய கொம்பில் 15 சென்டிமீட்டர் நறுக்கி, வேரூக்கித் தூளில் தொட்டு நட்டு, பாலித்தீன் பையால் மூடி நிழலில் வையுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானால் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புக் குறை. லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் தெளியுங்கள்.

மேல் தாளை ஆணியடித்து நிரந்தரமாக்க வேண்டாம், கயிற்றால் கட்டுங்கள். 2018 கஜா போல ஒரு புயல் வருகிறதென்று எச்சரிக்கை வந்தால் உடனே அவிழ்த்துச் சுருட்டலாம். தாள் காற்றைப் பிடித்தால் குழாய்ச் சட்டத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.