பேய்க்கு ஓர் இருட்டறை

(காங்கேயம் பக்கத்து ஊர் ஒன்றில் வாசகர் கூட்டத்தில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, வெயில் பாராமல் தாராபுரத்திலிருந்து வந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அரிசி ஆலை அதிபர் அவர்களே, அவருடைய துணைவியார் அவர்களே, மைக் தம்பி, எல்லோருக்கும் வணக்கமுங்க.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.' நாடகக்காரனுக்கு இதுதான் பாடப்புத்தகம். முதலில் ஆளை அரள வைக்க வேண்டும்; பேய் அப்புறம் தானாக வரும். கோதிக் பாணியில், அதாவது பாழடைந்த வீட்டையும் பழைய ரகசியத்தையும் வைத்து மிரட்டும் பாணியில், நாடகம் எழுத மூன்று சரக்கு போதும்: பழைய வீடு, மூடி மறைத்த குடும்பப் பாவம், இருட்டு. வரிசையாகச் சொல்கிறேன்.

வீடு. 1764இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், கோதிக் கதைகளுக்கு முன்னோடியான 'ஒட்ரான்டோ கோட்டை' நாவலை, பழைய இத்தாலியக் கதையின் மொழிபெயர்ப்பு என்று புளுகி வெளியிட்டார். அங்கே கோட்டை என்றால் நமக்கு நடுவில் வானம் பார்த்த முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு. பாகம் பிரியாமல் பூட்டிப்போட்டது. ஆசாரக் கூடத்தில் வௌவால், தொட்டியில் எருக்கஞ்செடி. அங்கே பழங்கதை செய்த வேலையை இங்கே மூலப்பத்திரம் செய்துவிடும். பேய்கூட வேண்டாம், பங்காளி ஒருத்தர் போதும்.

பாவத்துக்குப் போவதற்கு முன் ஒன்று. போன ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் நாடகம். பெரியம்மாளின் ஆவி வரும் காட்சி. எல்லா விளக்கையும் அணைத்தோம். 'உணவுக்கூடம்' என்ற சிவப்புப் பலகை மட்டும் அணையவில்லை. சுவிட்ச் மேனேஜர் அறையில். மேனேஜர் அறையைப் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். சரி, ஆகட்டும் என்று ஆவியை அனுப்பினோம். வெள்ளைச் சேலை, விரித்த தலை, நேராக அந்தப் பலகைக்குக் கீழே போய் நின்றது. முன்வரிசை ஆத்தா ஒருத்தர் எழுந்து, "ஏங்கண்ணு, பந்தி போட்டாச்சா?" என்றார். ஆவியும் வாய்ப்பழக்கத்தில், "இன்னும் இல்லீங்காத்தா" என்றது.

இருட்டுக்கு வருவோம். லண்டனில் 'தி வுமன் இன் பிளாக்' என்ற பேய் நாடகம் 1989 முதல் 2023 வரை ஓடியது. பேசி நடிப்பவர் இரண்டே பேர். மீதியை இருட்டும் ஓசையும் பார்த்துக்கொண்டன. அவ்வளவு தூரம் ஏன்? நம் பொன்னர்-சங்கர் கதையான அண்ணமார் கதையில், போரில் மாண்டவர்போல் ஆட்கள் படுகளம் விழும் இரவை நினையுங்கள். உடுக்கை ஏற ஏற ஆட்கள் சாய்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்திலா அது பிறந்தது?

இந்த ஊரில் முழுக்க இருட்டாகும் நாடக அரங்கு ஒன்று இல்லை. சந்தைப்பேட்டைக்குப் பின்னால் பருத்திக் குடோன் ஒன்று வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னலே கிடையாது. எங்களுக்கு அதுதான் வேண்டும். உள்ளே பேய் இருக்கிறதாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; எங்களுக்கோ சம்பளம் கேட்காத நடிகர்.

தலைவர் மணி பார்க்கிறார். குடும்பப் பாவத்தை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். குடோன் சாவி யாரிடம் இருக்கிறதென்று மட்டும் மேடையில் இருப்பவர்கள் சொல்லிவிட்டால் இறங்கிவிடுகிறேனுங்க.