ஒரு மா நிலம் மனையானால்

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நம் காவிரி டெல்டாவில் நிலத்தை மா கணக்கில்தான் சொல்வோம். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர். இப்போது அதே நிலத்தைச் சதுர அடியில் விலை பேசுகிறார்கள். அளவு மாறும்போதே அந்த நிலம் வயல் இல்லை என்று ஆகிவிடுகிறது.

எங்கள் வயலுக்குக் கிழக்கே மூன்று மா நஞ்சை. பக்கத்து வயல்காரர் மகள் கல்யாணத்துக்காக விற்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நெல் விற்ற காசில் கல்யாணம் நடத்த முடிகிற காலமா இது? வாங்கியவர்கள் கிராவல் அடித்து மேடாக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை வரிசையாக நட்டார்கள். அந்த நிலத்தின் ஓரமாகத்தான் எங்கள் பக்கத்து வடிகால் ஓடியது. இரண்டடி அகலம் இருந்தால் அதிகம். அதை மூடி மேலே ரோடு போட்டுவிட்டார்கள்.

ஐப்பசி மழை வந்தது. நட்டு இருபது நாள் ஆன சம்பா நாற்று முழுக்க முங்கிப்போச்சு. வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? போக வழியே இல்லை. எட்டாம் நாள் வயலில் இறங்கிப் பயிரைப் பிடித்து இழுத்தேன். வேர் அழுகிக் கையோடு வந்தது. எங்களுடையதோடு சேர்த்து மேற்கே இருந்த ஏழு பேர் வயலும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான். டெல்டாவில் எந்த வயலும் தனி வயல் இல்லை. தரை ஏறக்குறைய சமம், வாட்டம் மிகக் குறைவு. ஒரு வயலில் நிரம்பிய தண்ணீர் மடை வழியாக அடுத்த வயலுக்குப் போய், கடைசியில் வடிகாலில் விழும். நடுவில் ஒன்றை அடைத்தால் அதை ஒட்டியுள்ள வயல்களெல்லாம் குளமாகும். இரண்டு போகம் அப்படிப் போனால் குத்தகைக்கு எடுக்க ஆள் வராது. நிலம் தரிசாகக் கிடக்கும். அப்புறம் "சும்மாதானே கிடக்கிறது" என்று அதற்கும் விலை பேச வருவார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. 1990களில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தபோது, குட்டையில் தேக்கிய உப்புநீர் பக்கத்து வயலிலும் கிணற்றிலும் இறங்கியது. காந்தியவாதிகளான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி மக்களோடு நின்று போராடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பண்ணை தன் எல்லைக்குள்தான் இருந்தது. உப்பு எல்லை பார்த்து நிற்கவில்லை.

நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து மக்கள் போராடிய பிறகு, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. உருக்காலை, தோல் ஆலை, புதிய எண்ணெய் எரிவாயுக் கிணறு ஆகியவற்றுக்கு அது தடை போட்டது. பெரிய வெற்றி. ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே, ஏற்கெனவே போட்ட மனைகளை வரன்முறை செய்ய விதிகள் வந்துவிட்டன. பணம் கட்டினால் மனை முறையாகிவிடும், சரி. மூடிய வடிகால் திறந்துவிடுமா?

வீடு கட்ட இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேட்டு நிலம் இருக்கிறது, பழைய குடியிருப்பை ஒட்டிய இடம் இருக்கிறது. நஞ்சையில்தான் வேண்டும் என்றால், அந்த ஒரு சர்வே எண்ணை மட்டும் பார்த்து அனுமதி தரக் கூடாது. தண்ணீர் எந்த வயலிலிருந்து வருகிறது, எந்த வடிகாலில் விழுகிறது என்பதை நேரில் வந்து பார்த்து, அந்தப் பாசனக்காரர்களைக் கேட்ட பிறகே தர வேண்டும்.

அக்டோபர் 2 கிராமசபைக்கு ஒவ்வொரு ஊரும் தன் புலப்படத்தோடு வாருங்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சி, டி கிளை வாய்க்கால் எது, வடிகால் எது, எது மூடிக் கிடக்கிறது என்று சிவப்பு மையில் குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் ஊர்ப் படத்தில் நான்கு இடம் குறித்தாயிற்று. இதோ, கையில் வைத்திருக்கிறேன்.